களனி கங்கைக் கரையில் என்ன முளைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் குழாயைத் திறந்தால் பெரும்பாலும் வருவது களனி கங்கைத் தண்ணீர். அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். அந்த ஆற்றின் கரையில் என்ன மரம் நிற்கிறது, மேலே எந்தக் காட்டிலிருந்து தண்ணீர் வருகிறது என்று கேட்டால்தான் பதில் வராது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மா அப்பாமார், வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிற வெல்லம்பிட்டி, கொலன்னாவை ஆட்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். வரிசையாக வாசிக்க வேண்டும் என்றில்லை, தேவையானதை மட்டும் பாருங்கள்.

வடிநிலம் என்றால் ஆறு ஓடுகிற இடமா?

ஆறு அதில் ஒரு சிறு பங்குதான். எங்கே விழுகிற மழை கடைசியில் களனி கங்கைக்கு வந்து சேருகிறதோ அந்த நிலம் முழுக்க அதன் வடிநிலம், ஏறத்தாழ 2,290 சதுர கிலோமீட்டர். சிவனொளிபாதமலைச் சரிவுகளும் ஹோர்ட்டன் சமவெளியின் ஓரமும் மேல் எல்லை, மட்டக்குளியும் முகத்துவாரமும் கீழ் எல்லை. நடுவில் நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனை, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, அவிசாவளை, ஹங்வெல்லை, கடுவெல. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலையில் சேர்ந்து களனியாகின்றன, அப்புறம் வழியில் சீத்தாவக்கை ஆறும் குருகொட ஓயாவும் இன்னும் பல ஓடைகளும் வந்து விழுகின்றன. மொத்த நீளம் 145 கிலோமீட்டர் அளவுதான்.

இவ்வளவு சின்ன ஆற்றில் தாவர வகைகள் ஏன் இத்தனை அதிகம்?

உயரமும் மழையும்தான் காரணம். 145 கிலோமீட்டருக்குள் ஆறு 2,000 மீற்றருக்கும் மேலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு பாகை அளவு குறையும் என்பதால் கொழும்பில் வியர்க்கும்போது ஹட்டனுக்கு மேலே ஸ்வெட்டர் போடுகிறோம். மழையும் அப்படியே. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் அது 5,000 மில்லிமீற்றரை எட்டும். சூடு, குளிர், வெள்ளம், உப்பு நான்கும் ஒரே ஆற்றின் வழியில் வருவதால் ஒவ்வொரு படியிலும் வேறு தாவரக்கூட்டம் நிற்கிறது.

இலங்கையில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் 3,000 இனங்களுக்கு மேல். அவற்றில் நாலில் ஒன்றுக்கும் கூடுதலானவை உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. அப்படி நமக்கு மட்டுமே உரிய இனங்களில் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்துக்குள்தான் இருக்கின்றன, களனி வடிநிலம் முழுக்க அந்த வலயத்துக்குள் விழுகிறது. ஆட்கள் மிக நெருக்கமாகக் குடியிருக்கிற பகுதியும் அதுதான் என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

உச்சியில் காடு இருக்கிறது, கீழே தேயிலை இருக்கிறது. இது இயற்கையாக அமைந்ததா?

இல்லை. 1830களிலிருந்து கோப்பிக்காக மலைக்காடுகளை வெட்டித் தள்ளினார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்து, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது, அதே நிலத்தில் தேயிலை ஏறியது. 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற பிரித்தானியத் தாவரவியலாளர் 5,000 அடிக்கு மேலே காடு வெட்டுவதை நிறுத்துங்கள் என்று பரிந்துரைத்தார். நீரேந்து பிரதேசம் போனால் கீழே எல்லாம் போய்விடும் என்பதுதான் அதன் உள்ளடக்கம். இன்று மஸ்கெலியாவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தேயிலை ஒரு மட்டத்தில் நின்றுபோய் அதற்கு மேலே கறுத்த காடு தொடங்குவது தெரியும். சிவனொளிபாதமலைக் காடு 1940இல் சரணாலயமானது, 2010இல் மத்திய மலைநாடு என்ற பெயரில் ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியவற்றுடன் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

அந்த உச்சிக் காட்டில் மரங்கள் குட்டை, கிளைகள் முறுக்கு, இலைகள் சிறியவை, தடிப்பானவை. கீனா மரமும் நாவல் இனத்து மரங்களும் சிவப்பு ரோடடென்ட்ரனும் அங்கே நிற்கும். கிளை முழுக்கப் பாசியும் பன்னமும் ஓர்கிட்டும். மேகம் அடித்துக்கொண்டு போகும்போது அந்தப் பாசியில் நீர் கோர்த்துக்கொள்ளும், மழையே இல்லாத நாளிலும் கீழே சொட்டிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்க விரும்பினால் சிவனொளிபாத யாத்திரையில் விடியற்காலையில் இறங்கிவரும்போது அவசரப்படாமல் ஓரத்து மரங்களைப் பாருங்கள். அடியில் வளர்வது நெலு, நம் குறிஞ்சியின் நெருங்கிய சொந்தம். பல ஆண்டுகள் பூக்காமல் இருந்து, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்கிற அளவில் கூட்டமாகப் பூத்து, விதை போட்டுச் சாகும் இனங்கள் அதில் உண்டு.

இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஸ்டெமொனோபோரஸ் என்ற பேரின மரங்கள். இந்தப் பேரினமே இலங்கையைத் தாண்டி எங்கும் இல்லை. சிவனொளிபாதமலைச் சரிவில் சில இடங்களில் காட்டின் முக்கிய மரமாகவே அது நிற்கிறது.

தேயிலையும் றப்பரும் பச்சைதானே? மண்ணைப் பிடித்துவைக்கவில்லையா?

நான் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. நேராகவே சொல்கிறேன், வடிநிலத்தைச் செய்மதிப் படத்தில் பார்த்தால் பெரும்பகுதி பச்சையாகத்தான் தெரியும், அந்தப் பச்சையை வைத்து ஒன்றும் முடிவு செய்யக் கூடாது.

நன்றாகப் பராமரிக்கப்பட்ட தேயிலை மலை மண்ணை ஓரளவு பிடிக்கும். செடி நெருக்கமாக இருந்து, கான் (மழைநீர் வடியும் பள்ளம்) சுத்தமாக வெட்டியிருந்து, இடையில் நிழல் மரமும் இருந்தால் மழை நேரே மண்ணில் அடிக்காது. தோட்டங்களில் வேலை செய்தவர்களிடம் கேளுங்கள், கான் வெட்டாமல் விட்ட மலையில் ஒரு பெருமழைக்கு என்ன நடக்கும் என்று அவர்கள் நம்மை விட நன்றாகச் சொல்வார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடும் முன் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ ஒன்றரை, இரண்டு ஆண்டு வளர்ப்பது மண்ணைத் தேற்றத்தான். அதைச் செலவு என்று தவிர்த்துவிட்டு நேரே நடுகிற இடங்களில் மண் ஓடைக்குப் போகிறது, ஓடையிலிருந்து காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களுக்குப் போய்ப் படிகிறது.

ஆனால் மண்ணைப் பிடிப்பது வேறு, தாவரப் பல்வகைமை வேறு. றப்பர் தோட்டம் தூரத்தில் காடு மாதிரியே இருக்கும். உள்ளே போனால் ஒரே வயது மரம், ஒரே இனம், அடியில் கிளிடேமியா போன்ற வந்தேறிப் புதர். இயற்கைக் காட்டில் ஐந்தாறு அடுக்கு இருக்கும், உயர்ந்த மரம், நடு மரம், குட்டை மரம், கொடி, செடி, தரையில் பன்னம் என்று. தோட்டத்தில் அவை கிடையாது. அதனால் "இவ்வளவு வீதம் பசுமை இருக்கிறது" என்று யாராவது எழுதினால் என்ன பசுமை என்று கேளுங்கள்.

கித்துல்கலைக் காட்டில் அப்படி என்ன விசேஷம்?

படகு விளையாட்டுக்குப் போகிறவர்கள் அக்கரையில் பார்க்கிற காடு மாக்கந்தாவை ஒதுக்குக் காடு. தாழ்நில மழைக்காட்டில் மிச்சமிருக்கிற நல்ல துண்டுகளில் ஒன்று. ஹொர மரங்கள் (டிப்டெரோகார்பஸ் இனம்), நமது தேசிய மரமான நாக மரம், மில்ல, தியபர எல்லாம் உண்டு.

ஹொர மரத்தின் காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருண்டையான கொட்டைக்கு மேலே நீளமாக இரண்டு இறக்கை, காய்ந்த செம்பழுப்பு நிறம், நரம்பு ஓடியிருக்கும். மேலே எறிந்தால் சுழன்று சுழன்று இறங்கும். இறக்கை இருந்தும் அது தூரம் போவதில்லை, தாய் மரத்தைச் சுற்றிச் சில பத்து மீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் விழுந்துவிடும். இன்னொரு விஷயம், இந்த விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது, காய்ந்தால் செத்துப்போகும். விழுந்த சில நாட்களுக்குள் ஈர மண்ணில் முளைத்தாக வேண்டும். ஒரு மலைச்சரிவில் தாய் மரங்களை மொத்தமாக வெட்டிவிட்டால் பத்து ஆண்டு கழித்துத் தானாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான். வெட்டிய இடத்தில் வேகமாக வருவது கெக்கில பன்னமும் பட்ட மூங்கிலும் ஹவரி நுக என்கிற அல்ஸ்டோனியாவும். அவை பச்சையாக மூடிவிடும், ஹொர வராது.

அதே காட்டில் ஓடைப் பக்கம் கல் கரந்த என்ற சிறு மரம் நிற்கும், ஹம்போல்ட்ஷியா லோரிஃபோலியா. அதன் இளங்கிளையில் கணுவுக்குக் கணு தண்டு வீங்கி உள்ளே வெறுமையாக இருக்கும். வீங்கிய இடத்தின் மேல்நுனியில் சின்னதாக ஒரு வாசல். கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் நின்றால் எறும்புகள் போய்வருவது தெரியும். குடியிருக்க இடம் செடி தருகிறது, எறும்பின் கழிவிலிருந்து சத்து செடிக்குப் போகிறது. கிளையை ஒடித்துப் பார்க்க வேண்டாம், வாசலைப் பார்த்தாலே போதும்.

ஆற்றங்கரை மரங்களை ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்?

கரையோரம் என்பது தண்ணீருக்கும் நிலத்துக்கும் நடுவில் சில மீற்றர் முதல் சில பத்து மீற்றர் வரை உள்ள பட்டி. வடிநிலத்தில் பரப்பளவு மிகக் குறைவு, ஆனால் வேலை மிக அதிகம், அழிப்பதும் மிகச் சுலபம். ஒரு நாளில் ஒரு பெக்கோ இயந்திரம் அரை கிலோமீட்டர் கரையை வழித்துவிடும்.

அங்கே வளர்கிற மரம் இரண்டு சோதனையில் தேற வேண்டும். வெள்ளம் வந்தால் வேர் நாட்கணக்கில் தண்ணீருக்குள் மூச்சில்லாமல் இருக்க வேண்டும், வெள்ளம் இழுக்கும்போது பிடுங்கப்படாமல் நிற்க வேண்டும். மருது அப்படித் தேறிய மரம். அடிமரம் பருத்து, வெளிர்சாம்பல் பட்டை தகடு தகடாக உரிந்து, உள்ளே புதுப் பட்டை வழுவழுப்பாகத் தெரியும். தண்ணீர் ஓரத்தில் அதன் மெல்லிய வேர்கள் செம்பழுப்பு நிறத்தில் பாய் பின்னின மாதிரி அடர்ந்து கிடக்கும், அந்தப் பின்னலுக்குள்தான் சின்ன மீனும் இறாலும் ஒதுங்குகின்றன. புங்கை, இலுப்பை, தாழை, ஏழிலைப்பாலை ஆகியவையும் கரையில் உண்டு. இன்னும் கீழே, நீரோட்டம் மெதுவாகிற இடத்தில் நீர்க்கடம்பு. சிங்களத்தில் தியமிதெல்ல என்பார்கள். இரவில் பூக்கும், நீளமான சரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் குஞ்சம் தொங்கும், காலையில் எல்லாம் தண்ணீரில் விழுந்து மிதக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஏழு மணிக்கு முன் போக வேண்டும்.

உதளை மரத்தையும் சொல்ல வேண்டும், சிங்களத்தில் கொன் கதுரு. பச்சை மாங்காய் போல உருண்டையாகக் காய்க்கும், வாய்க்கால் ஓரமெல்லாம் கிடக்கும். விதை இதயத்தைத் தாக்கும் கடும் நஞ்சு. பிள்ளைகளுக்கு மரத்தைக் காட்டி, தொடக் கூடாது என்று சொல்லிவையுங்கள். வெட்டத் தேவையில்லை.

மணல் அள்ளுவதைப் பற்றியும் இதோடு கேட்பார்கள். ஆற்றுப் படுகையை ஆழமாக்கினால் கரை செங்குத்தாகிறது, அடியில் அரிப்பு விழுந்து மரத்தோடு சரிகிறது. களனியின் கீழ்ப்பகுதியில் படுகை தாழ்ந்ததால் வறட்சி மாதங்களில் கடல்நீர் மேலேறி அம்பத்தளை வரை பயமுறுத்தியிருக்கிறது, அதற்காகத்தான் அங்கே உப்புத்தடுப்பு தேவைப்பட்டது.

தண்ணீருக்குள்ளே வளரும் செடிகள் உண்டா?

உண்டு, அவற்றைப் பற்றி நமக்குள் பேசுவதே இல்லை. ஈரவலய ஓடைகளில், மர நிழல் விழும் மணல் தரையில், கிரிப்டோகோரைன் என்ற சின்னச் செடி வளர்கிறது. உலகம் முழுக்க மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்குகிற செடி. வென்டியை, பெக்கெட்டியை, வாக்கேரி என்று கடையில் பெயர் சொல்லி விற்கும் இனங்கள் இலங்கைக்கே உரியவை. பெக்கெட்டியை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் மார்கோஸ் ஆற்றில் பரவி அங்கே களையாகிவிட்டது. இங்கே நிழல் மரம் வெட்டுப்பட்டு, மணல் மேல் சேறு படிந்து, அதே பேரினம் ஓடைகளிலிருந்து குறைகிறது. ஓடைக்கு நிழல் தரும் மரத்தை வெட்டினால் தண்ணீருக்குள் இருக்கிற செடியும் போகும் என்பதை இதை வைத்துத்தான் பிள்ளைகளுக்கு விளக்குவேன்.

வேகமாக ஓடும் ஆற்றில் பாறையின் மேல் பாசிபோல ஒட்டிக்கொண்டு வளர்வதும் பூக்கும் தாவரம்தான், பொடொஸ்டெமேசியே குடும்பம். தண்ணீர் வற்றிப் பாறை வெளியே தெரியும்போது அவசரமாகப் பூத்து விதை போடும். ஏற்ற இறக்கம் இருக்கிற ஆறு அதற்கு வேண்டும்.

நீர்மின் நிலையங்கள் தாவரங்களைப் பாதிக்கின்றனவா?

பாதிக்கின்றன. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களும் நோர்ட்டன், கென்யன், லக்ஷபான அணைகளும் மேல் ஆற்றைப் படிப்படியாகப் பிடித்து, சுரங்கக் குழாய் வழியாக இறக்குகின்றன. அணைக்குக் கீழே சில பகுதிகளில் பாறைப் படுகைக்கு முந்தைய அளவு தண்ணீர் வருவதில்லை, வந்தாலும் மின்சாரத் தேவைக்கு ஏற்ற நேரத்தில் வருகிறது. பருவத்தைப் பார்த்துப் பூக்கும், முளைக்கும் கரையோரச் செடிகளுக்கு அந்தக் கணக்குப் புரியாது. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆற்றுக்கென்று ஓர் அளவு தண்ணீரை எப்போதும் விட வேண்டும், அதையும் பருவத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

மவுஸ்ஸாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது, கடும் வறட்சியில் பழைய கோயில் இன்றும் வெளியே தெரியும். மூழ்கியதில் ஆற்றங்கரைக் காடும் உண்டு, அதை யாரும் எண்ணி வைக்கவில்லை.

கொழும்பு ஈரநிலங்கள் வெறும் புதர்தானே?

இல்லை, வன்மையாகச் சொல்கிறேன். 2018இல் உலகத்தில் முதன்முதலாக, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ராம்சார் ஈரநில நகரம் என்று அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. கொலன்னாவை, ஹீன் எல, தியவன்னா, பெத்தகான, தலங்கம என்று நகரத்துக்குள்ளேயே கிடக்கும் இந்தத் தாழ்நிலங்கள் மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகின்றன. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் பட்டது நினைவிருக்கும். நிரப்பிய ஒவ்வொரு காணியும் அந்தத் தண்ணீரை வேறொருவர் வீட்டுக்குத் தள்ளுகிறது.

இவற்றில் பல ஒரு காலத்தில் வயல்கள். வயலைக் கைவிட்டதும் முதலில் புல்லும் கோரையும் வரும், அப்புறம் சம்பு அடர்ந்து நிற்கும், அப்புறம் புதர், கடைசியில் மரம். தலவத்துகொடைப் பக்கம் ஒரே நடையில் இந்த எல்லாப் படிகளையும் பார்க்கலாம். மீன்பிடிப் பூனை இன்னும் இந்த நகரத்தில் பிழைத்திருப்பது இந்தப் புதருக்குள்தான்.

சல்வினியா, ஆகாயத்தாமரை எல்லாம் எங்கிருந்து வந்தன?

ஆகாயத்தாமரை 1900களின் தொடக்கத்தில் அழகுக்காக வந்தது. 1909இல் அதற்கென்று சட்டமே போட வேண்டியதாயிற்று. சல்வினியா என்ற மிதக்கும் பன்னம் 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்பிக்கக் கொண்டுவரப்பட்டு, சில ஆண்டுகளில் வாய்க்காலுக்குத் தப்பி, பிறகு நாடு முழுக்கக் குளங்களையும் வயல்களையும் மூடியது. 1986இல் சல்வினியாவை மட்டும் தின்னும் ஒரு சின்ன வண்டை விட்டார்கள், பல இடங்களில் அது களையை அடக்கியது. உயிரியல் கட்டுப்பாட்டுக்கு உயர்தரப் பரீட்சையில் உதாரணம் எழுத வேண்டுமென்றால் இதை எழுதுங்கள்.

ஆகாயத்தாமரை பெருகுவது தண்ணீரில் சத்து மிஞ்சியதற்கு அடையாளமும்கூட. கழிவுநீரை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளினால் சில கிழமைகளில் திரும்பி வந்துவிடும்.

தியவன்னா ஓரத்தில் சீத்தாப்பழம் போலக் காய்க்கிற மரம் என்ன?

வெல் ஆத்த, தாவரவியல் பெயர் அனோனா கிளாப்ரா. அமெரிக்க வெப்ப வலயத்துச் சதுப்பு மரம். பளபளவென்ற இலை, அடியில் பருத்த தண்டு, வழுவழுப்பான காய். காயும் விதையும் மிதந்து போய் ஒதுங்கிய இடத்தில் முளைக்கின்றன. பெல்லன்வில அத்திடிய சரணாலயத்திலும் கொழும்புச் சதுப்புகளிலும் திறந்த நீர்ப்பரப்பையும் கோரை நிலத்தையும் மூடி, ஒரே இனக் காடாக்கிவிடுகிறது. பார்க்க நல்ல பச்சை, ஆனால் அதன் நிழலுக்குக் கீழே மற்றச் செடிகளுக்கு இடமில்லை.

ஒரே நேரத்தில் மொத்தமாக வெட்டவும் கூடாது, இப்போது கொக்குகளும் நீர்க்காகங்களும் அதில்தான் கூடு கட்டுகின்றன. பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே நீர்க்கடம்பு, மருது போன்றவற்றை நட வேண்டும்.

கோயிலில் வைக்கிற ஊதா அல்லிதானா நமது தேசிய மலர்?

பெரும்பாலும் இல்லை. தேசிய மலரான நீல அல்லி மென்மையான நீலம், இதழ்கள் குறைவு. பூக்கடையில் கட்டாக விற்கிற, அழுத்தமான ஊதா நிறத்தில் இதழ்கள் நிறைந்தது கலப்பினம், நமது இயற்கைத் தாவரம் அல்ல. இலங்கைத் தாவரவியலாளர்கள் ஆராய்ந்து அதற்குத் தனிப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஊதா அல்லி நிறைந்த குளத்தைப் பார்த்து தேசிய மலர் செழிக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம்.

முகத்துவாரத்தில் கண்டல் காடு இருக்கிறதா?

மிச்சம்தான் இருக்கிறது. மட்டக்குளி காக்கைதீவுப் பக்கத்தில் சில துண்டுகள். கிரல மரம், தில்லை, கரன் கொக்கு என்கிற கண்டல் பன்னம் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். பெரிய அளவில் பார்க்க வத்தளைக்கு வடக்கே முத்துராஜவெல போக வேண்டும். அது வேறு வடிநிலத்துத் தண்ணீரும் சேரும் சதுப்பு, ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர், நீர்கொழும்புக் களப்போடு தொடர்ந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் நெல் விளைந்த இடம். ஒல்லாந்தரும் பிரித்தானியரும் கால்வாய் வெட்டியதில் உப்புநீர் உள்ளே வந்து வயல் போயிற்று என்பது அதன் வரலாறு. இன்று நிற்கிற உப்புத் தாங்கும் தாவரங்களில் பல அந்த மாற்றத்துக்குப் பிறகு குடியேறியவை.

கொலன்னாவையில் வளர்கிற கங்குன், வல்லாரை சாப்பிடலாமா?

அந்தத் தாழ்நிலங்களில் கங்குன் பயிரிடுவது பல குடும்பங்களின் பிழைப்பு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நீர்க்கீரைகள் வளர்கிற தண்ணீரில் இருக்கும் ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களை உறிஞ்சிச் சேர்க்கும் தன்மையுள்ளவை. கழுவினால் மண்ணும் கிருமியும் குறையும், இலைக்குள் ஏறிய உலோகம் போகாது. எந்த வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். தொழிற்சாலைக் கழிவு அல்லது பெரிய வீதி வடிகால் விழுகிற இடத்தில் நீங்களே பறிக்க வேண்டாம்.

உயர்தரச் செயற்றிட்டத்துக்கு எப்படி அளப்பது?

மரங்களுக்கு 10க்கு 10 மீற்றர், செடிகளுக்கு 1க்கு 1 மீற்றர் சதுரம் கட்டுங்கள். ஆற்றங்கரை என்றால் தண்ணீர் விளிம்பிலிருந்து நிலத்தை நோக்கி நேர்கோடு போட்டு, அதன்மேல் சதுரங்களை வையுங்கள், வெள்ளம் எட்டும் தூரத்தோடு இனம் எப்படி மாறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். மரத்தின் சுற்றளவை 1.3 மீற்றர் உயரத்தில் அளக்க வேண்டும். சதுரங்களைக் கூட்டக் கூட்டப் புது இனம் வருவது நின்றுபோகிற இடத்தில் போதும் என்று நிறுத்தலாம்.

ஷானன் சுட்டி (இனங்கள் எத்தனை, அவை எவ்வளவு சமமாகப் பரவியிருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் காட்டும் அளவு) கணக்கிட்டு முடிவெழுதும்போது கவனம். ஒரு வீட்டுத்தோட்டத்தில் பலா, கறிவேப்பிலை, செம்பருத்தி, குரோட்டன் என்று எல்லாம் இருந்தால் சுட்டி உயர்ந்து நிற்கும், ஸ்டெமொனோபோரஸ் மட்டும் ஆட்சிசெய்கிற மலைக்காட்டில் அது குறைந்து வரும். அதனால் தோட்டம் மேல் என்று எழுதிவிடாதீர்கள். இயற்கை இனம் எத்தனை, நமக்கு மட்டும் உரியது எத்தனை, வந்தேறி எத்தனை என்று பிரித்து இன்னொரு அட்டவணை போடுங்கள்.

இலைமாதிரி சேர்க்க ஒதுக்குக் காட்டுக்குள் போக அனுமதி கட்டாயம். படம் எடுப்பதென்றால் இலையின் இரண்டு பக்கமும், இலை தண்டில் சேரும் இடமும், பட்டையும், பூ அல்லது காயும் எடுங்கள். முழு மரப் படத்தை வைத்து யாராலும் பெயர் சொல்ல முடியாது.

பழைய பதிவுகள் ஏதும் உண்டா?

உண்டு. 1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் மருத்துவராக இருந்த போல் ஹேர்மன் கொழும்பைச் சுற்றிச் செடிகள் சேர்த்தார். அந்தத் தொகுப்பு பிறகு, உயிரினங்களுக்கு இருசொல் அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் கைக்குக் கிடைத்து, 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி அவர் நூல் எழுதினார். ஆசியா முழுக்கப் பரவியிருக்கும் பல செடிகளின் அறிவியல் பெயருக்கு ஆதாரம் இந்தப் பக்கத்தில் பறித்து உலர்த்திய இலைதான். தொகுப்பு இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சனி ஞாயிறில் பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

பெத்தகான ஈரநிலப் பூங்காவும் தலவத்துகொடை தியசரு பூங்காவும் கிட்ட, பலகைப் பாதை இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கும் சுலபம், காலையிலேயே போங்கள். ஒரு நாள் கிடைத்தால் அவிசாவளைப் பக்கத்து சீத்தாவக்கைத் தாவரவியற் பூங்கா. ஈரவலயத் தாழ்நில மரங்களைப் பெயர்ப்பலகையோடு பார்க்கலாம், அதன் பிறகு காட்டுக்குப் போனால் பாதி மரம் அடையாளம் தெரியும்.

எங்கள் காணி வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. என்ன நடலாம்?

முதலில் கொங்கிறீட் சுவர் எழுப்புகிற யோசனையைத் தள்ளிவையுங்கள். காணி எல்லையும் வாய்க்கால் ஒதுக்கும் எங்கே என்று பிரதேச சபையில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். தண்ணீர் விளிம்பில் வெட்டிவேரும் தாழையும், அதற்கு மேல் நீர்க்கடம்பு, புங்கை, இன்னும் இடமிருந்தால் மருது. மருது பெருமரமாகும், வீட்டுச் சுவருக்குக் குறைந்தது பத்து மீற்றர் தள்ளி நடுங்கள். தாழைக்கு முள் உண்டு, பிள்ளைகள் ஓடுகிற பக்கம் வேண்டாம். மஞ்சள் பூ விரித்துத் தரையை மூடும் வெடேலியாவை அழகுக்கு நடாதீர்கள், வெள்ளத்தில் ஒரு துண்டு போனாலே கீழே பத்து இடத்தில் வேர்விடும். மீன்தொட்டிச் செடி மிஞ்சினால் வாய்க்காலில் கொட்டாமல் வெயிலில் முழுக்கக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். நடுவதற்கு மே மழை விழத் தொடங்கும் நேரம் சரி. முதல் இரண்டு ஆண்டும் கொடி ஏறாமல் சுற்றிச் சுத்தப்படுத்திக் கொடுத்தால் பிறகு மரம் தானே பார்த்துக்கொள்ளும்.